மறுப்பு ஏதும் வரவில்லை

ஜார்ஜ் டவுன்
19.2.2024

கர்த்தருக்குள் அன்பான அக்கா சுபாஷினிக்கு,

தம்பி மோகனராஜ் எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன் சிக்னலுக்காக இரண்டு மணி நேரம் மலை ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். ஏறாதே. கடிதம் போதும்.

அப்பா அப்படியே இருக்கிறார். பக்கவாதம் வந்து மார்ச்சோடு இரண்டு வருடம் ஆகிறது. பகலில் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் மலாய்க்கார அம்மா ரோஹானா பார்த்துக்கொள்கிறார். மாலை ஆறரைக்கு நான் ஃபெரியில் கடல் தாண்டி பாகான் டாலாம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் கிளம்புவார்.

அலுவலகச் செய்தி ஒன்று. நம் எம்மாவு ஊழிய ஐக்கியம் அடுத்த ஐந்து வருடத்துக்கான முன்னுரிமைகளை ஏப்ரல் 20 கூட்டத்தில் தீர்மானிக்கப் போகிறது. இப்போது ஒன்பது ஊழியங்கள் நடக்கின்றன. ஊழியர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்கிறோம் என்று ரெவரெண்ட் லோகேஸ்வரன் சொல்கிறார். அது உண்மைதான். ஐந்து மட்டும் இருக்கும். பட்டியலில் வராத நான்கும் செப்டம்பர் கடைசியில் நிறுத்தப்படும். லோங் தெங்காவில் உள்ள உன் தாய்மார் விடுதியும் ஒன்பதில் ஒன்று.

வழக்கம் உனக்குத் தெரியும். வெளியூர் ஊழியர்கள் எழுத்துமூலம் கருத்து அனுப்பலாம். செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து நின்று அதை வாசிப்பேன். மறுப்பு வந்தால் பேசிவிட்டு மறுபடியும் வாக்கெடுக்க வேண்டும். எதுவும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏப்ரல் 15-க்குள் என் கைக்கு வர வேண்டும்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் தம்பி
மோகனராஜ்


லோங் தெங்கா
9.3.2024

அன்புள்ள தம்பி மோகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். முழங்கால் வலி மழை நாளில் மட்டும். அப்பாவைக் கேட்டதாகச் சொல். அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, சொல்.

மறுப்புக் கடிதத்தை இதே உறைக்குள் வைத்திருக்கிறேன். அலுவலக முகவரிக்குத் தனியாக அனுப்பலாம் என்று பார்த்தேன். லாரிக்கார யூசுப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் மிரி நகரத்துக்குப் போகிறார். ஓர் உறை கொடுத்தால் சட்டைப் பையில் வைப்பார். இரண்டு கொடுத்தால் ஒன்றை வண்டியின் முகப்பில் போட்டு மறந்துவிடுவார். போன வருடம் அப்படித்தான் ஆனது. மேலும் உன் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்த மாதிரி.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். நீ முதலில் படித்துப் பார். பிழை இருந்தால் திருத்து. நான் கேட்பது இதுதான். ஆற்றின் மேற்பகுதியில், ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீடுகளில் இருக்கும் பெண்கள் ஒன்பதாவது மாதத்தில் இங்கே இறங்கி வந்து தங்குகிறார்கள். மழைக்காலத்தில் மேல் பாதை அறுந்தால் வாரக்கணக்கில் வண்டி வராது. இங்கிருந்தால் எப்படியும் மிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம். எட்டு படுக்கை, ஒரு நர்ஸ், உதவிக்கு ஒரு பெண். வேறு எதுவும் கேட்கவில்லை.

கருத்துப் படிவத்தில் ஞானஸ்நான எண்ணிக்கை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் அவர்களுடைய தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினால் பூஜ்யம் மட்டும்தான் கண்ணில் படும். கூட்டத்தில் இதை நீ வாயாலும் சொல்ல வேண்டும்.

நர்ஸாகப் பதினான்கு வருடம் இங்கே இருந்துவிட்டேன். என்னை வேறு இடத்துக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, வீடு திறந்திருக்க வேண்டும்.

ரோஹானாவுக்கு என் சலாம் சொல்.

அக்கா
சுபாஷினி


பாகான் டாலாம்
2.4.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் உறை மார்ச் 27 அன்று வந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

அப்பா போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்தார். இடது தோளில் வீக்கம், எலும்பு முறியவில்லை. நான் வந்து தூக்கும்வரை ரோஹானா தலைக்குத் தலையணை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த உடம்பு. இன்னும் எழுபத்தெட்டு கிலோ இருக்கிறது.

ரோஹானா ஆகஸ்ட் கடைசியில் கெடாவுக்குப் போகிறார். கணவர் ஓய்வு பெறுகிறார். "மோகன், நான் போயிட்டா யாரு பார்ப்பா, நல்லா யோசிச்சுக்கோலா" என்று தமிழிலேயே சொன்னார். முதியோர் இல்லங்கள் இரண்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் இடம் இல்லை. மற்றொன்றில் இடம் இருந்தது, நான் உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை.

யோசிக்கிறேன்.

தம்பி
மோகனராஜ்


ஜார்ஜ் டவுன்
29.4.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

சுகம். அப்பாவின் தோள் வீக்கம் இறங்கிவிட்டது.

கூட்டம் 20-ஆம் தேதி நடந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆலோசகர் சுவரில் ஊழியத்துக்கு ஒன்றாக ஒன்பது தாள்களை ஒட்டினார். ஆளுக்கு ஐந்து பச்சை ஸ்டிக்கர். எது முக்கியமோ அந்தத் தாளில் ஒட்ட வேண்டும், ஒரே தாளில் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். பொருளாளர் சுகுமாரன் அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "ஸ்டிக்கர் ஒட்டி ஆண்டவரோட சித்தத்தைக் கண்டுபிடிக்கிறோம். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இருபது வருஷமா முழங்கால் போட்டிருக்க வேணாம்லா" என்றார். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. அவரும் சிரித்தார்.

இளைஞர் ஊழியம் பதினேழு. சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைகளில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் ஊழியம் பதினைந்து. இணையவழி ஊழியம் பன்னிரண்டு. ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சி ஒன்பது. ஆஸ்பத்திரி சந்திப்பு ஏழு. லோங் தெங்கா நான்கு. மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஆறு.

பிறகு ரெவரெண்ட் மறுப்பு உண்டா என்று கேட்டார். ஒரு நிமிடம் மௌன ஜெபம். என் கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு வினாடி. யாரும் எழுந்திருக்கவில்லை. ஏகமனதாக என்று பதிவாயிற்று.

அதன்பின் மதியச் சாப்பாடு வந்தது. நாசி கண்டார் கடைச் சோறும் கறியும். நான் சாப்பிட்டேன்.

விடுதி செப்டம்பர் 30-இல் மூடப்படும். உன் அடுத்த இடம் பற்றி ரெவரெண்ட் எழுதுவார். நீ பினாங்குக்கு வருவாய் என்று நினைக்கிறேன்.

தம்பி
மோகனராஜ்


லோங் தெங்கா
25.5.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அப்பாவின் தோளுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

உன் கடிதமும் அலுவலகத்திலிருந்து கூட்டக் குறிப்பும் ஒரே நாளில் வந்தன. குறிப்பை இரண்டு முறை படித்தேன். நான்காம் பத்தியில், "லோங் தெங்கா ஊழியரிடமிருந்து எழுத்துமூலம் மறுப்பு ஏதும் வரவில்லை" என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

மார்ச் 27 அன்று உறை வந்தது, உள்ளே இருந்தவை பத்திரம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

என் கடிதம் என்ன ஆனது?

இப்போது விடுதியில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருத்திக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை. அவளை அடுத்த லாரியில் அனுப்புகிறேன்.

சுபாஷினி


பாகான் டாலாம்
17.6.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

சுகம். இந்த மாதம் வெயில் அதிகம். ஃபெரி இரண்டு நாள் தாமதமாக ஓடியது.

அப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம். கஞ்சியை அரைத்துக் கொடுக்கிறோம். ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. போன ஞாயிறு திருவிருந்துக்குப் போதகர் வீட்டுக்கு வந்தார். அப்பத்தைத் திராட்சை ரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார். அப்பா அதைக் கன்னத்திலேயே வைத்திருந்தார். போதகர் போன பிறகு நான் விரலால் எடுத்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் சாப்பிட்டுவிட்டேன்.

ரோஹானா சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அலுவலகத்தில் விடுதியின் பொருள் பட்டியல் கேட்கிறார்கள். கட்டில், மெத்தை, ஜெனரேட்டர், மருந்துப் பெட்டி. ஆகஸ்டுக்குள் அனுப்பினால் போதும்.

நீ கேட்டதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி
மோகனராஜ்


லோங் தெங்கா
30.8.2024

தம்பி மோகனுக்கு,

நலம். மூன்று மாதமாக எழுதவில்லை. யூசுப் வந்துகொண்டுதான் இருந்தார்.

பட்டியல் இத்துடன் இருக்கிறது. எட்டுக் கட்டிலும் நீள்வீட்டுக்காரர்களே செய்து கொடுத்தவை. அவற்றைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஜூலையில் ரெவரெண்டிடமிருந்து கடிதம் வந்தது. "சிஸ்டர் சுபாஷினி, நீங்கள் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. ஏதாவது அனுப்பி, அது எங்களுக்கு வராமல் போய்விட்டதா? அப்படியென்றால் கூட்டத்தை மறுபடி கூட்டுகிறேன்" என்று எழுதியிருந்தார். மூன்று நாள் அதை மேசையில் வைத்திருந்தேன். பிறகு, நான் எதுவும் அனுப்பவில்லை, மறுப்பு இல்லை என்று பதில் எழுதினேன்.

அனுப்பினேன் என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி உன்னிடம் வந்திருக்கும். உனக்கு அந்த வேலையும் அப்பாவும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால் எழுதவில்லை. அது சரியா என்று எனக்குத் தெரியாது. பொய் எழுதியது தெரியும்.

மேல் நீள்வீடுகளின் தலைவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நாங்கள் ஏதாவது தவறு செய்தோமா என்று கேட்டார்கள். இல்லை, பினாங்கில் ஐந்துக்குத்தான் இடம் இருந்தது என்றேன். ஐந்தில் மற்றவை என்ன என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். எல்லாம் நல்ல வேலைதான் என்று தலையாட்டினார். அவர் கேலி செய்யவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கப் போவதில்லை.

சுபாஷினி


பாகான் டாலாம்
9.9.2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

சுகம். பட்டியல் கிடைத்தது. கடிதமும் கிடைத்தது.

ரோஹானா 31-ஆம் தேதி போய்விட்டார். போகும்போது அப்பாவின் காதருகே குனிந்து, வழக்கம்போல் மாமா என்று மலாயில் கூப்பிட்டு, "பாக்சிக், சுபா வருது, பயப்படாதீங்க" என்றார். நான் அப்படி எதுவும் அவரிடம் சொல்லவில்லை. அவராக நினைத்துக்கொண்டார். அப்பா அன்று முழுவதும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடுமுறையில் இருக்கிறேன். இருபத்திரண்டு நாள் சேர்ந்திருந்தது. அக்டோபர் முதல் வாரம்வரை வரும்.

பின் அறையைக் காலி செய்துவிட்டேன். மெத்தை புதிது. ஃபேன் மாற்றியாயிற்று. காலையில் வெயில் வராது.

எந்த விமானம் என்று எழுது.

தம்பி
மோகனராஜ்


மிரி
28.9.2024

தம்பி மோகனுக்கு,

நேற்று விடுதி வீட்டைப் பூட்டிச் சாவியை நீள்வீட்டுத் தலைவரிடம் கொடுத்தேன். யூசுப்புடன் மிரிக்கு வந்துவிட்டேன். சந்தைக்கு அருகில் அவர் வண்டியை நிறுத்தி, "மிஸ்ஸி, திரும்பி வர்றப்ப எந்தக் கிழமை?" என்று மலாயில் கேட்டார். மூடிவிட்டோம் என்று நான்கு முறை சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது முறை சொன்னேன்.

நான் பாகான் டாலாமுக்கு வரவில்லை.

இரண்டாவது முன்னுரிமைக்கு ஒரு நர்ஸ் தேவை என்று ரெவரெண்ட் கேட்டார். சிம்பாங் அம்பாட்டில் நேப்பாள, மியன்மார் தொழிலாளர்களுக்கு மருத்துவ உதவி. கடைவீட்டின் மேல்மாடியில் அறை. அக்டோபர் 7 திங்கட்கிழமை தொடங்க வேண்டும். சம்மதித்துவிட்டேன். கூட்டம் தீர்மானித்த வேலை. அதைச் செய்வேன்.

ஒன்று எழுத வேண்டும். உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நேற்று பெட்டி கட்டும்போது இரண்டு வருடக் கடிதங்களையும் பார்த்தேன். அப்பா விழுந்தார், விழுங்கவில்லை, ரோஹானா போகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றில்கூட வா என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் வந்திருப்பேன். என் இடத்துக்கு இன்னொரு நர்ஸைக் கேட்டிருப்பேன். வீடும் திறந்திருக்கும்.

அப்பாவுக்குப் பகலில் ஆள் வைக்க அலுவலகம் உதவும் என்று ரெவரெண்ட் சொன்னார். நான்தான் கேட்டேன்.

சுபாஷினி


பாகான் டாலாம்
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன் எடுப்பதில்லை. சிம்பாங் அம்பாட்டுக்கு வண்டியில் அரை மணி நேரம்தான். இரண்டு முறை கடைவீட்டுக்குக் கீழே வந்து நின்றேன். மாடியில் விளக்கு எரிந்தது. மேலே வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மார்ச்சில் படித்தேன். நன்றாக இருந்தது. வாசித்தால் மறுபடி வாக்கெடுப்பார்கள், லோங் தெங்கா ஐந்துக்குள் வந்துவிடும் என்று தெரிந்தது. அதனால்தான் வாசிக்கவில்லை. விடுதி மூடினால் நீ வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 20 காலையில் அப்பாவைத் தூக்கும்போது எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இருவரும் இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஃபெரியில் வரும்போதுகூட நான் எதையும் முடிவு செய்யவில்லை. கடிதம் பையில் இருந்தது. ரெவரெண்ட், "மோகன், அக்காகிட்டேருந்து ஏதும் வந்துச்சா?" என்றார். "இல்ல ஐயா" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடி ஜெபத்துக்குப் போனார். இதை நான் ஏப்ரலில் உனக்கு எழுதவில்லை.

வா என்று நான் ஒன்றில்கூட எழுதவில்லை என்றாய். ஊழியத்தில் இருப்பவரை வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை கூட்டம். முந்திய குறிப்பில் திருத்தம் உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். மறுப்புக் கடிதம் ஒன்று வந்தது, செயலாளர் அதை மறைத்தார், அந்தச் செயலாளர் நான்தான் என்று சொன்னேன். பிறகு மூன்று பக்கத்தையும் வாசித்தேன். ஞானஸ்நானக் கட்டம் பற்றி வாயாலும் சொன்னேன். பதினோரு நிமிடம் ஆயிற்று.

சுகுமாரன் அண்ணன், "ஏழு மாசம் எங்க முன்னாடி எப்படிலா உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்ச?" என்றார். குடித்தேன் அண்ணே என்றேன். ரெவரெண்ட் பழைய குறிப்பை எடுத்து நான்காம் பத்தியைப் படித்தார். பிறகு, "சிஸ்டர் எனக்கு வேற மாதிரி எழுதினாங்களே" என்றார். எனக்காக அப்படி எழுதினாய் என்று சொன்னேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "திருத்தத்தைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுத்த பொருளுக்குப் போனோம். இளைஞர் முகாம்.

விடுதியைத் திறக்க இப்போது ஆளும் இல்லை, இடமும் இல்லை என்று முடிவில் சொன்னார்கள். என் ராஜினாமாவை ஜனவரியில் எடுத்துக்கொள்வார்கள். திருத்திய குறிப்பின் நகல் இத்துடன் இருக்கிறது. நான்காம் பத்தி.

அப்பா சுகம் என்று எழுதிப் பழகிவிட்டேன். அவர் சுகமாக இல்லை. அலுவலகம் வைத்த ஆள் பகலில் மட்டும்தான். எனக்கும் முடியவில்லை அக்கா. வா.

மோகன்


சிம்பாங் அம்பாட்
20.11.2024

தம்பி மோகனுக்கு,

குறிப்பின் நகல் கிடைத்தது. ரெவரெண்ட் நேரில் வந்தார். நான் எழுதிய பொய்க்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ வாசித்ததைச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி வாசித்தாயாம்.

யூசுப் மிரியிலிருந்து போன் செய்தார். போன வாரம் மேலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி வந்து, பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தார்களாம். அவர் வந்த நாள் என்பதால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. மற்றவளைப் பாதி வழியில் அவளுடைய உறவினர் வீட்டில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள். பெரும்பாலும் கை விரல் காயம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். மாலை ஆறு வரை அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். இரவு தங்க மாட்டேன். மருந்துச் சீட்டையும் கஞ்சி அளவையும் எழுதி மேசையில் வை.

நீ வீட்டில் இருக்க வேண்டியதில்லை. எங்காவது போய்விட்டு வா.

அக்கா